ஜான் பிரவுனுக்குப் பணம் திரட்டியவர், அவர் வரலாற்றையும் எழுதியவர்

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த கதையை யார் சொன்னாலும் ஜான் பிரவுன் வந்துவிடுவார். 1859 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த அரசு ஆயுதக் கிடங்கை 21 பேரைச் சேர்த்துக்கொண்டு பிடித்து, அடிமைகளைத் திரட்டி மலைகளிலிருந்து போர் நடத்தலாம் என்று கிளம்பி, இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் மாட்டிக்கொண்டு, டிசம்பர் 2-ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட கிழவர். தியாகி என்பவர்களும் உண்டு, பயங்கரவாதி என்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இப்போதைக்குத் தீராது.

ஆனால் திட்டத்தை யாரிடம் எப்போது சொன்னார், பணம் எங்கிருந்து வந்தது, பாஸ்டன் பெரிய மனிதர்கள் என்ன பேசினார்கள் என்று பிரவுனைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஒரே ஆளின் கை வழியாக வந்தது. அவர் பெயர் ஃபிராங்க்ளின் பெஞ்சமின் சான்பார்ன். பள்ளிக்கூட வாத்தியார், பத்திரிகைக்காரர், பிரவுனுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த ஆறு பேரில் வயதில் இளையவர். சதியில் கூட இருந்தவரே பிறகு நிதானமாக உட்கார்ந்து அதன் வரலாற்றையும் எழுதினார் என்றால், அந்த வரலாற்றை எப்படி வாசிப்பது? சான்பார்ன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

1831 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹாம்ப்டன் ஃபால்ஸ் என்ற விவசாய ஊரில் பிறந்தார். ஹார்வர்டில் படித்து 1855-இல் பட்டம் வாங்கினார். படிப்பு முடிவதற்கு முன்பே ஒரு பெரிய அடி. அவர் காதலித்த ஆரியானா வாக்கர் நீண்ட நாள் நோயாளி. 1854 ஆகஸ்டில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோதுதான் கல்யாணம் நடந்தது, எட்டே நாளில் இறந்துபோனார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரியானாவின் அண்ணன் ஜார்ஜ் வாக்கர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடுதான் பின்னாளில் ஜான் பிரவுன் சான்பார்னைத் தேடி வந்தார்.

1855-இல் தத்துவ எழுத்தாளர் எமர்சன் கூப்பிட்டதன் பேரில் மாசசூசெட்ஸின் கான்கார்டுக்கு வந்து பள்ளி தொடங்கினார். கான்கார்ட் சின்ன ஊர்தான், ஆனால் அந்தச் சமயத்தில் அங்கே தெருவுக்கு ஒரு எழுத்தாளர் இருந்தார். எமர்சனின் பிள்ளைகள், எழுத்தாளர் ஹாதார்ன் மகன் ஜூலியன், நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸின் தம்பிகள் இருவர் என்று எல்லோரும் இவரிடம் படித்தார்கள். தங்கியது ‘வால்டன்’ நூலை எழுதிய தோரோவின் வீட்டுக்கு எதிர் வீட்டில், சாப்பாடு தோரோ வீட்டில். பின்னாளில் தோரோவின் வாழ்க்கையை எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்டால், தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்பதே பெரிய தகுதி.

அந்த வருடங்களின் சூட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி, வடக்கு மாநிலத்துக்குத் தப்பி வந்தவரைக்கூடப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். 1854-இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது. கான்சாஸில் அடிமை முறை இருக்கலாமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே தீர்மானிக்கலாம் என்றது. விளைவு என்ன? இரண்டு பக்கமும் ஆட்களை அனுப்பினார்கள், ஆட்களோடு துப்பாக்கிகளையும் அனுப்பினார்கள். மாசசூசெட்ஸில் கான்சாஸ் உதவிக் குழு ஒன்று உருவானது. ஜார்ஜ் லூதர் ஸ்டெர்ன்ஸ் என்ற தொழிலதிபர் தலைவர், சான்பார்ன் செயலாளர்.

1857 ஜனவரியில் பாஸ்டனில் இருந்த குழு அலுவலகத்துக்குப் பிரவுன் வந்தார். சான்பார்னுக்கு வயது 25, பிரவுனுக்கு 56. சந்தித்த கொஞ்ச நேரத்திலேயே இளைஞர் விழுந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மார்ச்சில் பிரவுனைக் கான்கார்டுக்கே அழைத்துவந்து, தோரோ வீட்டில் சாப்பிட வைத்து, எமர்சனுக்கு அறிமுகப்படுத்தி, ஊர் மண்டபத்தில் பேச வைத்தார். எமர்சனும் தோரோவும் பிரவுனைப் பற்றிப் பேசியதும் எழுதியதும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்த அறிமுகத்தைச் செய்துவைத்தவர் இந்த வாத்தியார்.

1858 பிப்ரவரி 22 முக்கியமான நாள். நியூயார்க் மாநிலத்தின் பீட்டர்பரோவில் கெரிட் ஸ்மித் என்ற பெரும் நிலக்கிழார் வீடு. அங்கேதான் பிரவுன் தெற்கில் நுழைந்து போர் நடத்தும் திட்டத்தை விரித்து வைக்கிறார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. கையில் ஆள் இல்லை, பணம் இல்லை, எதிரே ஒரு நாடே நிற்கிறது. ஆட்சேபம் எதைச் சொன்னாலும் பிரவுனிடம் பதில் தயாராக இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஸ்மித்தும் சான்பார்னும் மட்டும் பனி மூடிய வயல்களில் நடந்துகொண்டே பேசினார்கள். இவர் பின்வாங்கப் போவதில்லை, தனியாகச் சாக விட முடியாது, நாம் கைகொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஸ்மித் சொன்னாராம்.

‘சொன்னாராம்’ என்று நான் எழுதுவதற்குக் காரணம், அந்த நடையில் இருந்தது இரண்டே பேர், அதைப் பின்னால் எழுதிவைத்தது சான்பார்ன் மட்டும். ஸ்மித் ஒரு வரி எழுதவில்லை, எழுதவில்லை என்பது மட்டுமல்ல, திட்டமே தனக்குத் தெரியாது என்று சாகும்வரை மறுத்தார். தெரியும் என்று எழுதிய சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை மேல் வழக்கே போட்டார். ஜான் பிரவுனைப் பற்றிய ஏறக்குறைய எல்லாப் புத்தகங்களிலும் அந்தப் பனி வயல் காட்சி வருகிறது. ஒற்றைச் சாட்சி என்பதை வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. சான்பார்ன் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஸ்மித் பணம் கொடுத்ததும், சந்திப்பு நடந்ததும் வேறு வழிகளிலும் உறுதியானவைதான். ஆனால் ‘நாங்கள் வேறென்ன செய்ய முடியும்’ என்ற தொனி, அது முழுக்க அவருடையது.

அப்புறம் ஆறு பேர் ஆனார்கள்: சான்பார்ன், ஸ்மித், ஸ்டெர்ன்ஸ், பாதிரியார் தியோடர் பார்க்கர், பார்வையற்றோர் பள்ளி நடத்திய டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோவ், இன்னொரு பாதிரியாரான தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன். பிரவுன் தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அமர்த்திய ஹ்யூ ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் சம்பளத் தகராறில் கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதில் 1858 மே மாதம் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அப்போது இவர்கள் செய்த ஏற்பாடு சுவாரசியமானது. கான்சாஸுக்காகக் குழு வாங்கிய சுமார் 200 ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைக் கணக்கில் ஸ்டெர்ன்ஸ் பெயருக்கு மாற்றினார்கள். அவர் தன் சொந்தப் பொருளாகப் பிரவுனுக்குக் கொடுத்துவிட்டார் என்று காட்டலாம், குழுவுக்குச் சம்பந்தமில்லை. கூடவே, எங்கே எப்போது என்ற விவரத்தை இனி எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று பிரவுனிடம் சொல்லிவிட்டார்கள். தெரியாது என்று சத்தியம் செய்ய வசதியாக இருக்கும் அல்லவா! ஹிக்கின்சனுக்கு மட்டும் இந்த இழுபறி பிடிக்கவில்லை, தள்ளிப்போட்டால் காரியம் கெடும் என்று சண்டை போட்டார்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி முடிந்ததும் மேரிலாந்தில் பிரவுன் தங்கியிருந்த பண்ணை வீட்டைச் சோதனை போட்டார்கள். துப்பாக்கிகள், சுமார் 950 ஈட்டிகள், அவற்றோடு ஒரு பை நிறையக் கடிதங்கள். சதிக்காரர் கடிதத்தை எரிக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கான்கார்டில் சான்பார்ன் தன்னிடம் இருந்த காகிதங்களில் மற்றவர்களை மாட்டிவிடக்கூடியவற்றைத் தேடித் தேடி அழித்தார், வக்கீல் ஜான் ஆண்ட்ரூவிடம் ஆலோசனை கேட்டார், கனடாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் கடிதங்களைத் தொகுத்து வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறவர், அன்று செய்த முதல் வேலை ஆவணங்களை அழித்தது. சில நாளில் திரும்பிவந்தார், ஜனவரியில் மறுபடி கனடா போனார்.

மற்றவர்களும் ஒன்றும் வீரம் காட்டிவிடவில்லை. ஹோவ் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டுவிட்டுக் கனடா போனார், ஸ்டெர்ன்ஸும் போனார். ஸ்மித் யூட்டிகா மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பார்க்கர் காசநோயோடு இத்தாலியில் இருந்தார், 1860 மே மாதம் ஃபிளாரன்ஸில் இறந்தார். இடத்தைவிட்டு அசையாமல் நின்றவர் ஹிக்கின்சன் ஒருவர்தான். ஹோவின் மறுப்பைப் பார்த்துக் கொதித்துப்போய், கூட்டாளிகளுக்குள் மானம் என்று ஒன்று கிடையாதா என்று சான்பார்னுக்கே எழுதினார். ஆறு பேரில் எனக்கு மரியாதை அதிகம் உள்ளது அவரிடம்தான், பின்னாளில் கறுப்பினப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய மனிதர்.

பிரவுன் தூக்கிலிடப்பட்டதற்கு மறுநாள், டிசம்பர் 3, தப்பிய ஆட்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் ஜாக்சன் மெரியம் வழிதவறிக் கான்கார்டில் வந்து நிற்கிறார். தலைக்கு விலை உள்ள மனிதர், புத்தியும் நிலையில் இல்லை. சான்பார்ன் தோரோவிடம் போய், மிஸ்டர் லாக்வுட் என்று ஒருவர், அவரைச் சவுத் ஆக்டன் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும், எதுவும் கேட்காதீர்கள் என்றார். தோரோ எமர்சனிடம் குதிரை வண்டி இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியில் மெரியம் எமர்சனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம், பிறகு நீதான் எமர்சன் என்று தோரோவிடமே வாதம், நடுவில் வண்டியிலிருந்து குதிக்கவும் செய்தார். தோரோ எப்படியோ ரயிலேற்றிவிட்டு வந்தார். அன்றைய நாட்குறிப்பில் பெயர் போடாமல் இதை எழுதியும் வைத்திருக்கிறார்.

அடுத்து வந்தது சான்பார்னின் சொந்தப் படலம். செனட் ஒரு விசாரணைக் குழு அமைத்து அவரைச் சாட்சிக்கு அழைத்தது. வாஷிங்டன் போனால் பக்கத்திலேயே வர்ஜீனியா, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். மாசசூசெட்ஸிலேயே சாட்சி சொல்கிறேன் என்றார், அவர்கள் ஏற்கவில்லை. கைது உத்தரவு வந்தது.

1860 ஏப்ரல் 3 இரவு ஒன்பது மணி வாக்கில் கதவு தட்டப்படுகிறது. செருப்போடு எழுந்துபோய்த் திறந்தவர் கையில் விலங்கு மாட்டிவிட்டார்கள். சான்பார்ன் நல்ல உயரம், கால்கள் நீளம். வாசல் தூண், கேட், வண்டிக் கதவு என்று எது எதிர்ப்பட்டாலும் காலை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டார், வண்டிக்குள் திணிக்க முடியவில்லை. சகோதரி சாரா ஓடிவந்து ஒருவனின் நீளத் தாடியைப் பிடித்து இழுக்கிறார், சாட்டையைப் பிடுங்கிக் குதிரைகளை அடிக்கிறார், வண்டி நகர்ந்து போகிறது. ஆன் விட்டிங் என்ற ஊர்ப் பெண் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, நீ எவ்வளவு தூரம் போனாலும் நானும் வருவேன் என்கிறார். தேவாலய மணி அடிக்கிறது, ஊரே கூடுகிறது, எமர்சனும் வந்து நிற்கிறார். நீதிபதி ராக்வுட் ஹோர் மணிச் சத்தம் கேட்டதுமே ஆட்கொணர்வு மனு எழுதத் தொடங்கிவிட்டாராம், வக்கீல் போய்க் கதவைத் தட்டியபோது பாதி தயார். உள்ளூர் ஷெரீஃப் அதைக் காட்டி ஆளைக் கேட்க, வந்தவர்கள் மறுக்க, ஊர் ஜனங்கள் பிடித்து இழுத்து மீட்டார்கள். இந்த விவரங்களும் பெரும்பாலும் அவரே எழுதியவை, ஆனால் இங்கே ஊர் முழுக்கச் சாட்சி உண்டு.

மறுநாள் பாஸ்டனில் தலைமை நீதிபதி லெமுவெல் ஷா முன்னால் வழக்கு. கூட்டத்தில் வால்ட் விட்மன்கூட உட்கார்ந்திருந்தார், கவிதைத் தொகுப்பு அச்சு வேலையாகப் பாஸ்டன் வந்திருந்தவர். கைது செய்யும் அதிகாரத்தைச் செனட் கொடுத்தது சார்ஜன்ட்-அட்-ஆர்ம்ஸ் என்ற அதன் காவல் அதிகாரிக்கு, அவர் அதை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது, எனவே கைது செல்லாது என்று விடுவித்தார்கள். சட்ட நுணுக்கம்தான். இதே ஷாவின் நீதிமன்றம் 1851-இல் தாமஸ் சிம்ஸ் என்ற தப்பியோடிய அடிமை இளைஞரை விடுவிக்க மறுத்து, அவர் ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட வழிவிட்டது. ஹார்வர்ட் பட்டதாரிக்குக் கிடைத்த நுணுக்கம் சிம்ஸுக்குக் கிடைக்கவில்லை. சான்பார்னைப் போற்றி எழுதுகிறவர்கள் கான்கார்ட் இரவை மட்டும் ரசித்துச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. பிரவுனோடு போன ஐந்து கறுப்பினத்தவரில் தப்பியவர் ஆஸ்போர்ன் ஆண்டர்சன் மட்டும்தான், இரண்டு பேர் அங்கேயே சுடப்பட்டுச் செத்தார்கள், இரண்டு பேர் தூக்கில்.

இருந்தாலும் அவர் கணக்கில் ஒரு பெரிய வரவும் உண்டு. உள்நாட்டுப் போர் நடந்தபோது பாஸ்டனில் காமன்வெல்த் என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 1863 ஜூனில் கோம்பாஹி ஆற்றில் நடந்த தாக்குதலில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்து மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மன் வழிகாட்ட 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுபட்டார்கள். அடுத்த மாதமே சான்பார்ன் தன் பத்திரிகையில் டப்மனின் வாழ்க்கையை எழுதினார். டப்மனைப் பற்றி அச்சில் வந்த முதல் வாழ்க்கைக் குறிப்பு அதுதான். அவர் கான்கார்டுக்கு வந்து பழகியவர் என்பதால் நேரில் கேட்டதை வைத்து எழுத முடிந்தது. 1869-இல் சாரா பிராட்ஃபோர்ட் டப்மன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டபோது இதை எடுத்துக்கொண்டார்.

அந்த 1863-லேயே, ஆளுநராகியிருந்த பழைய வக்கீல் ஜான் ஆண்ட்ரூ இவரை மாநில அறப்பணி வாரியத்தின் செயலாளராக்கினார். அமெரிக்காவில் அந்த வகையில் முதல் வாரியம் அது. ஏழை விடுதிகள், மனநோயாளிகள், சிறைகள் எல்லாம் அதன் பொறுப்பு. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே கட்டடத்தில் அடைப்பதைவிட வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொள்வது மேல் என்று விடாமல் வாதாடினார். 1880-இல் அதிகாரிகளோடு டூக்ஸ்பரி ஏழை விடுதியைப் பார்வையிடப் போனார். கண் பார்வை மங்கிய 14 வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்து, மிஸ்டர் சான்பார்ன், நான் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கத்தினாள். அவளுக்கு அவர் முகம் தெரியாது, பெயர் மட்டும் தெரியும். அவள் பாஸ்டனில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அவள்தான் ஆனி சல்லிவன், ஹெலன் கெல்லரின் ஆசிரியை. அந்தப் பள்ளி, ரகசிய ஆறு பேரில் ஒருவரான ஹோவ் பல ஆண்டு நடத்தியது.

இனி வாழ்க்கை வரலாறுகள். 1882-இல் தோரோ, 1885-இல் ஜான் பிரவுன், 1891-இல் ஹோவ், 1893-இல் வில்லியம் ஹாரிஸ் என்பவரோடு சேர்ந்து கான்கார்ட் தத்துவவாதி ஆல்காட், 1901-இல் எமர்சன், 1909-இல் தன் சொந்த நினைவுகள். எல்லோரும் இவருக்கு நண்பர்கள். பலம் அதுதான், பலவீனமும் அதுதான்.

பிரவுன் புத்தகத்தில் மிகச் சிக்கலான இடம் பாட்டவாட்டமி. 1856 மே 24 இரவு கான்சாஸில் அடிமை முறை ஆதரவாளர்களான ஐந்து பேரைப் பிரவுன் ஆட்கள் வீடுகளிலிருந்து வெளியே இழுத்துவந்து வாளால் வெட்டிக் கொன்றார்கள். பிரவுன் அங்கே இல்லவே இல்லை என்று 1860-இல் வந்த ஜேம்ஸ் ரெட்பாத்தின் வரலாறு சொன்னது, ஆதரவாளர்களும் இருபது வருடம் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1879-இல் கூட இருந்த ஜேம்ஸ் டவுன்ஸ்லி என்பவர் வாக்குமூலம் கொடுத்து உடைத்துவிட்டார். சான்பார்ன் 1885-இல் அதை ஒப்புக்கொண்டார், பிரவுன்தான் தலைமை என்று. ஒப்புக்கொண்டு, கான்சாஸ் காப்பாற்றப்பட அது தேவையாக இருந்தது என்று நியாயமும் சொன்னார். இது தவறு என்று அவர் எங்கும் எழுதவில்லை. கடிதங்களையும் வாக்குமூலத்தையும் புத்தகத்தில் அப்படியே போட்டிருப்பதால், அவர் முடிவை ஏற்காதவர்கள்கூட ஆதாரத்துக்கு அவர் புத்தகத்தையே புரட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து வாழ்க்கை வரலாறுகள் எப்படிச் சமைக்கப்பட்டன என்பதற்கு கெரிட் ஸ்மித் விவகாரம் போதும். 1878-இல் ஃபிராத்திங்ஹாம் எழுதிய ஸ்மித் வரலாறு, அவருக்குப் பிரவுன் திட்டம் தெரியும் என்றது. குடும்பத்தார் கொதித்தார்கள், அந்தப் பதிப்பு நிறுத்தப்பட்டு, அந்தப் பகுதி மாற்றி எழுதப்பட்டுப் புதிய பதிப்பு வந்தது. அந்தப் பின்னணியில் பார்த்தால், 1870-களில் அட்லாண்டிக் மாத இதழில் ரகசிய ஆறு பேரின் கதையை வெளியே கொண்டுவந்த சான்பார்ன் தைரியசாலிதான், தன் பெயரையும் அதில் சேர்த்தே எழுதினார்.

தோரோ விஷயத்தில்தான் எனக்கு இவர்மேல் கோபம். தோரோவின் வாக்கியம் கரடுமுரடாக இருந்தால் இவர் கை சும்மா இருக்காது. 1894-இல் பதிப்பித்த கடிதங்களில் திருத்தினார். 1909-இல் ‘வால்டன்’ நூலுக்கு ஒரு பதிப்புக் கொண்டுவந்தபோது, தோரோ வேண்டாமென்று விட்ட கையெழுத்துப் பகுதிகளைச் சேர்த்து வரிசையையும் மாற்றிவிட்டார். தோரோ உயிரோடு இருந்தபோது, பலமுறை திருத்தித் தானே அச்சுக்குக் கொடுத்த புத்தகம் அது! பரீட்சைத் தாளைத் திருத்துவது போலத் தோரோவைத் திருத்தியிருக்கிறார், வாத்தியார் புத்தி.

1910-இல் ஆஸ்வால்ட் காரிசன் வில்லார்ட் புதிதாகப் பிரவுன் வரலாறு எழுதினார். அடிமை ஒழிப்புத் தலைவர் காரிசனின் பேரன். இவர் பாட்டவாட்டமியை நியாயப்படுத்த மறுத்தார். வில்லார்டுக்காக, உயிரோடிருந்த சாட்சிகளைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தவர் கேத்தரின் மேயோ. ஆமாம், 1927-இல் ‘மதர் இந்தியா’ எழுதி, சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று காந்தியிடம் திட்டு வாங்கிய அதே மேயோதான். பேட்டி கொடுத்தவர்களில் பிரவுனின் மகள் ஆனியும் ஒருவர். 1859 கோடையில் மேரிலாந்து பண்ணை வீட்டில் 15 வயதில் வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் வந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் ஆட்களுக்குச் சைகை கொடுத்தவர். தந்தை இறந்தபின் 1860-இல் அவரும் தங்கை சாராவும் கான்கார்டில் சான்பார்ன் பள்ளியில் படித்தார்கள். ஒருவரோடொருவர் இவ்வளவு நெருங்கிய வட்டத்திலிருந்து வந்த சாட்சியங்களைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்னும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1911-இல் ஹிக்கின்சன் இறந்தபோது ஆறு பேரில் மிஞ்சியவர் சான்பார்ன் ஒருவர்தான். எதிர்ப்பேச்சுக்குக் கூட்டாளி யாரும் இல்லாத ஆறு வருடங்கள். 1917-இன் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போனபோது ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றும் வண்டி இடித்து இடுப்பு எலும்பு முறிந்தது, பிப்ரவரி 24-ஆம் தேதி 85 வயதில் இறந்தார். அந்த வருடமே அவருடைய இன்னொரு தோரோ வரலாறு, தோரோவின் அச்சேறாத கல்லூரிக் காலக் கட்டுரைகளோடு வெளிவந்தது.